கும்பினி உத்தியோகம்: வரவும் செலவும்

"கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும்" என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. அதையே "கும்பினியில் மேய்க்க வேண்டும்" என்று சொல்வதும் உண்டு. கும்பினி என்றால் கம்பெனி. அந்த நாளில் கிழக்கிந்தியக் கம்பெனி. மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம், ஊரில் மரியாதை நிச்சயம் என்பதுதான் பழமொழியின் கருத்து. இன்று பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மறுபடியும் கும்பினிக் காலம் நடக்கிறது. ஒயிட்ஃபீல்ட், எலெக்ட்ரானிக் சிட்டி, வெளிவட்டச் சாலை, நாகவாரா என்று எந்தப் பக்கம் போனாலும் நம் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறார்கள். வரன் பார்க்கும் இடத்தில் "பையன் எம்.என்.சி.யில் இருக்கிறான்", "பெண் எம்.என்.சி.யில் இருக்கிறாள்" என்ற ஒரு வரி போதும், மேற்கொண்டு கேள்வி இல்லை.

கேள்வி இருக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. நான் டிப்ளமா படித்து, ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். என் வயதொத்த அன்பர்களில் ஒரு சாரார் "கம்பெனி வேலை கானல் நீர், கவர்மெண்டு பரீட்சை எழுது" என்று பிள்ளைகளை நச்சரிக்கிறார்கள். இன்னொரு சாரார், பிள்ளையின் முதல் மாதச் சம்பளம் தங்களின் கடைசி மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு சாராரும் கணக்கை முழுதாகப் பார்க்கவில்லை. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரை.

கோலார் முதல் ஒயிட்ஃபீல்ட் வரை

அந்நிய நாட்டுக் கம்பெனி நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலாரில் தங்கச் சுரங்க நிர்வாகத்தை ஏற்றபோது, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் மக்கள்தான். நம் சங்கத்து அன்பர்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீகம் கோலார் தங்கவயல். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது அங்கேதான். பெங்களூர் நகருக்கு 1905-ல்தான் வந்தது. ஆஸ்பத்திரி, பள்ளி, கிளப் எல்லாம் இருந்தன. பாறை வெடித்துப் போன உயிர்களும், தூசி நுரையீரலில் படிந்து இருமி இளைத்தவர்களும் அதே கணக்கில் உண்டு.

பிற்பாடு சுரங்கம் மாநில அரசின் கைக்கும், பின்னர் மத்திய அரசின் கைக்கும் வந்தது. பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாக இயங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் தொடங்கியதை மூடியது நம் சொந்த அரசு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் விடியற்காலையில் மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். ரயில்வேக்காரனான எனக்கு அந்த வண்டியின் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுதந்திரத்திற்குப் பிறகு 1951-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் தொடர்போடு மைக்கோ தொடங்கி, ஆடுகோடியில் ஆலை எழுந்தது. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் எங்களைப் போன்ற டிப்ளமாக்காரர்களுக்கும் மைக்கோ அப்ரண்டிஸ் என்பது அந்த நாளில் ஒரு தனிப் பெருமை. 2008 முதல் அதன் பெயர் பாஷ் லிமிடெட். உற்பத்தி பிடதிக்குப் போய்விட்டது. ஆடுகோடியில் இப்போது இருப்பது அலுவலக வளாகம்.

ஐ.பி.எம். கதையும் சொல்ல வேண்டியது. 1960-களில் எங்கள் ரயில்வேயின் மண்டலத் தலைமையகங்களில் சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு போட்டது அந்தக் கம்பெனியின் 1401 கணினிகள்தான். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்க வேண்டும் என்று அரசு சொன்னது; மறுத்த ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டுப் போனது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் சி.எம்.சி. நிறுவனத்திடம் வந்தது. அதே சி.எம்.சி.தான் 1980-களில் ரயில்வேக்குக் கணினி முன்பதிவு முறையை உருவாக்கித் தந்தது. கம்பெனி போனது, இயந்திரத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறேன். ஐ.பி.எம். 1992-ல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கி, செயற்கைக்கோள் வழியாகத் தன் வெளிநாட்டு அலுவலகங்களோடு தொடர்பு வைத்துக்கொண்டது. 2000-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒயிட்ஃபீல்டில் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதன் பிறகு வந்தவை எண்ணில் அடங்கா. 2024-ல் நாஸ்காமும் ஜின்னோவும் வெளியிட்ட அறிக்கைப்படி, வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் சொந்த மையங்கள் 1,700-க்கும் மேல். அவற்றில் வேலை செய்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர். இவற்றில் மிகப் பெரிய பங்கு பெங்களூருக்கே.

வரவுப் பக்கம்

முதல் வரவு சம்பளம். அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வாடகை வீட்டில் பாதி வாழ்வைக் கழித்த குடும்பங்கள் சொந்த வீடு வாங்கியதும், தங்கையின் திருமணம் கடனில்லாமல் நடந்ததும், அப்பாவின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்க வேண்டியிராததும் இந்தச் சம்பளத்தால்தான். இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் கஷ்டத்தை மறந்தவர்கள்.

இரண்டாவது, சிபாரிசு. பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் "நீ எந்த ஊர், யாருடைய ஆள்" என்ற விசாரணை குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பிழைக்க வந்த ஊரில், மாமன் மச்சான் பலம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, தேர்வும் நேர்முகமும் வைத்து எடுக்கும் இடம் ஒரு திறந்த கதவு.

மூன்றாவது, சட்டம். 2017 திருத்தத்திற்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். 2013 சட்டப்படி பெண்களின் புகாரை விசாரிக்க உள்குழு வேண்டும். சிறு கம்பெனிகளில் இவை காகிதத்தில் நிற்பதுண்டு. பெரிய நிறுவனம் தன் பெயருக்குப் பயந்தாவது இவற்றைச் செய்கிறது. பிராவிடண்ட் ஃபண்ட் தொகை மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டப்படுகிறது.

நான்காவது வரவுதான் என் கணக்கில் பெரியது: வேலைப் பழக்கம். என் சர்வீஸில் ரிலே சிக்னல் போய் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்தபோது, வெளிநாட்டுக் கம்பெனிகளின் பொறியாளர்களோடு பல ஸ்டேஷன்களில் இராப்பகலாக நின்றிருக்கிறேன். வயதில் என் பிள்ளை மாதிரி இருப்பார்கள். ஆனால் சோதனைப் பட்டியலில் ஒரு வரியைக்கூடத் தாண்ட மாட்டார்கள். "சார், இது நேற்றே பார்த்ததுதானே" என்று நம் ஆட்கள் சொன்னாலும், ஒவ்வொரு பாயிண்டையும் மறுபடி ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த வரி. செய்த மாற்றத்தை அன்றே எழுதி வைப்பார்கள். அவர் மாறிப்போனாலும் அடுத்து வருபவர் அதைப் படித்தே வேலையைத் தொடரலாம். இந்த ஒழுங்கு இருபத்தைந்து வயதில் கையில் ஏறிவிட்டால் ஆயுளுக்கும் போகாது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும், சொந்தத் தொழில் தொடங்கினாலும் அது கூடவே வரும்.

செலவுப் பக்கம்

முதல் செலவு: முடிவு எடுப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். எங்கள் ரயில்வேயில் ஒரு பிரச்சினை என்றால் டிவிஷன் அலுவலகம் இருக்கிறது, யூனியன் இருக்கிறது, மனு கொடுக்க ஆள் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனத்தில் உங்கள் மேலாளர் உங்களை மெச்சுவார். அவருடைய மேலாளரும் மெச்சுவார். ஆனால் கடல் கடந்த ஊரில் இருக்கும் நிர்வாகக் குழு ஒரு பிரிவையே வேண்டாம் என்று தீர்மானித்தால் இவர்கள் இருவரும் சேர்ந்தே போவார்கள். 2023 ஜனவரியில் கூகுள் உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோது, வேலையில் குறை வைத்தவர்களை மட்டும் தேடி எடுத்து அனுப்பவில்லை.

தமிழ்நாட்டு உதாரணங்கள் இரண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் கிராமத்துப் பெண்கள், வேலை பார்த்தார்கள். 2013-ல் வரித் துறையோடு வழக்கு வந்தது. 2014-ல் நோக்கியாவின் கைப்பேசி வணிகத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கியிருந்த அந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. வழக்கு யாருக்கும் யாருக்கும், விற்பனை யாருக்கும் யாருக்கும். வேலை போனது அந்தப் பெண்களுக்கு. அடுத்து, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையோடு கார் வருவது நின்றது. அதே கம்பெனியின் சென்னை அலுவலகங்களோ தொடர்ந்து நடந்தன. ஒரே பெயர்ப் பலகை. ஒரு பக்கம் பூட்டு, இன்னொரு பக்கம் ஆள் எடுப்பு.

சில சமயம் ஆள் அப்படியே இருக்கக் கம்பெனியே பிரிந்துவிடும். நூறாண்டுக்கும் மேல் ஒரே பெயரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக், 2023 ஜனவரியில் மருத்துவக் கருவிப் பிரிவைத் தனியாக்கி, 2024 ஏப்ரலில் எரிசக்தி, விமானம் என்று மீண்டும் பிரிந்தது. கூட்டுக் குடும்பம் மூன்று வீடாகப் போனது போலத்தான்.

இரண்டாவது செலவு: வேலையின் அகலம். பெரிய இயந்திரத்தில் ஒரே ஒரு திருகாணியை மட்டும் பத்து ஆண்டு முடுக்கிக்கொண்டிருக்கும் நிலை வரலாம். சம்பளம் ஏறும், ஆனால் அந்தக் கம்பெனிக்குள் மட்டுமே பயன்படும் ஒரு மென்பொருள், ஒரு நடைமுறை தவிர வேறு எதுவும் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு பிரிவில் இப்படி ஒரு சங்கடம் வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் தந்த கருவி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அவர்கள் அந்த வகைக் கருவியையே கைவிட்டார்கள். மாற்று அட்டை கிடைக்கவில்லை. பழைய தொலைபேசி எண்ணில் எடுப்பாரில்லை. பழுதான அட்டைகளைப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக் காலம் தள்ளினோம். எங்களுக்காவது ஸ்டேஷன் மிஞ்சியது. அந்த ஒரு கருவியை மட்டுமே கற்றிருந்த அந்தக் கம்பெனிப் பையன்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது, நேரம். கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. அந்த நேரத்தில் பேசினால்தான் வேலை நடக்கும். ரயில்வேயிலும் இரவுப் பணி உண்டு; ஆனால் அதற்கு ரோஸ்டர் உண்டு, படி உண்டு, மறுநாள் ஓய்வு உண்டு. இங்கே பகல் வேலையும் நடக்கும், இரவுப் பேச்சும் நடக்கும். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினி இருக்கும் வீடுகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

நான்காவது, முதுமை. தனியார் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-ல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய்ச் சம்பளம். அந்தக் கணக்கில் முப்பத்தைந்து ஆண்டுப் பணி வந்தாலும் மாத ஓய்வூதியம் 7,500 ரூபாய்தான். அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு, வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தோடு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தத் திட்டமே கிடையாது என்றார்கள். ஆக, கை நிறைய வாங்கும் பிள்ளைக்குப் பின்னாளில் பென்ஷன் என்று எதுவும் வராமலே போகலாம். அவர்களே சேர்த்தால்தான் உண்டு.

அரசு வேலையும் அந்த அரசு வேலை அல்ல

"அதனால்தான் கவர்மெண்டுக்குப் போ என்கிறோம்" என்பார்கள் என் நண்பர்கள். அவர்கள் கண் முன்னால் நிற்பது எங்கள் காலத்துப் பென்ஷன். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில், ரயில்வே உட்பட, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது இல்லை; சந்தையோடு ஏறி இறங்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் விரும்புவோர்க்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறது. 25 ஆண்டு பணி முடித்தால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும். நல்லதுதான். ஆனால் அதற்கும் ஊழியர் மாதந்தோறும் பங்கு கட்ட வேண்டும்.

பொதுத்துறையும் சாசுவதமல்ல. தங்கவயலைச் சொன்னேன். இந்த நகரத்தின் பெருமையாக இருந்த எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. "தேசத்தின் நேரம் காட்டும் கடிகாரம்" என்று நாமெல்லாம் கட்டிக்கொண்டிருந்த கடிகாரத்துக்கே நேரம் முடிந்துவிட்டது. எனவே எந்தப் பெயர்ப் பலகையையும் நம்பி ஒரு குடும்பம் முப்பதாண்டுக்குத் திட்டம் போட முடியாது என்பதுதான் இந்தக் கணக்கில் கடைசியாக நிற்கும் மீதி. நம்ப வேண்டியவை இரண்டு: கையில் இருக்கும் தொழில், வீட்டில் இருக்கும் சேமிப்பு. 1978-ல் ஐ.பி.எம். போனபோது நின்றவர்கள் தொழில் தெரிந்ததால் நின்றார்கள் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

சிவப்பு விளக்குப் பாடம்

சிக்னல் பிரிவில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், ரிலே பழுதானாலும் சிக்னல் பச்சையில் நிற்கக் கூடாது. தானே சிவப்புக்குப் போக வேண்டும். வண்டி தாமதமாகும், ஆனால் மோதாது. பழுதே வராது என்று நினைத்து நாங்கள் எதையும் அமைப்பதில்லை. வீட்டுக் கணக்கையும் அப்படித்தான் அமைக்க வேண்டும். சம்பளம் நின்றால் குடும்பம் நிற்கலாம், மோதக் கூடாது. அதற்குச் சில யோசனைகள்:

ஒன்று, ஆறு மாதச் செலவும் கடன் தவணையும் எப்போதும் வங்கியில் தனியாக இருக்கட்டும். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில், ஒருவர் சம்பளத்தில் கட்டக்கூடிய அளவுக்கே வீட்டுக் கடன் வாங்குங்கள். இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டு, கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது என்று 2024 முதல் விதி இருக்கிறது. அந்தக் காலம் வேலையில் இருக்கும்போதே ஓடி முடியட்டும்.

மூன்று, சம்பளத்தோடு தரும் கம்பெனிப் பங்குகள். கைக்கு வரும்போதே அவற்றுக்கு வரி உண்டு. விலை இறங்கினால் வரி திரும்பி வராது. வேலையும் சேமிப்பும் ஒரே மரத்தில் தொங்கக் கூடாது. 2001-ல் அமெரிக்காவில் எனரான் கவிழ்ந்தபோது, ஓய்வூதியச் சேமிப்பை அதே கம்பெனிப் பங்கில் வைத்திருந்த ஊழியர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தார்கள்.

நான்கு, உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றினால் கிராஜுவிட்டி உண்டு. கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 52,000 ரூபாய்க்குப் பத்து ஆண்டு என்றால் மூன்று லட்சம். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அந்தத் தடை செல்லாது. ஆனால் கம்பெனி ரகசியத்தை எடுத்துப் போகக் கூடாது என்பது செல்லும். "இன்றே ராஜினாமா எழுதிக் கொடு" என்று நெருக்கினால், படித்துப் பார்த்து, தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைச் சட்டம் தொழிலாளியாகக் கருதாது. அதைப் பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை, செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐந்து, ஆண்டுக்கு ஒரு முறை உங்களை நீங்களே கேளுங்கள்: "இந்த ஆண்டு நான் கற்றதில், இந்தக் கம்பெனிக்கு வெளியே விலை போவது எது?" பதில் இல்லையென்றால், சம்பள உயர்வு எவ்வளவு வந்திருந்தாலும் அந்த ஆண்டு நஷ்ட ஆண்டுதான்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போன பிள்ளை வீட்டுக்கு வந்தால், "அன்றைக்கே சொன்னேனே" என்று தொடங்காதீர்கள். பல வீடுகளில் பிள்ளைகள் வேலை போனதை மாதக்கணக்கில் மறைத்து, காலையில் வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான். வேலை போவது குணக்கேடு அல்ல. எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. சாப்பாடு போட்டு, நன்றாகத் தூங்கச் சொல்லி, மறுநாள் காலையில் கடன் தவணைக் கணக்கை அவனோடு, அவளோடு உட்கார்ந்து போடுங்கள். நம் பென்ஷன் அதற்குப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு?

கம்பெனி வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போகட்டும், நல்லதைக் கற்கட்டும், நாலு காசு சேர்க்கட்டும். பன்னாட்டு நிறுவனத்தில் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர்கள் தங்கள் அனுபவத்தை இந்த இதழுக்கு எழுதினால், என் கணக்கில் விட்டுப்போன வரவும் செலவும் தெரிய வரும். அடுத்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.